யாரைக் கேட்டு ஆள்கிறீர்கள்?

1647 அக்டோபர் 28. லண்டனுக்கு மேற்கே தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் பட்னியில், புனித மேரி தேவாலயத்துக்குள் ஒரு படைக்கூட்டம் நடக்கிறது. மன்னர் முதலாம் சார்லஸை எதிர்த்து நாடாளுமன்றத்தின் பக்கம் நின்று போரிட்டு வென்ற படை அது. தோற்ற மன்னர் சில மைல் தள்ளி ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் காவலில் இருக்கிறார். வென்ற சிப்பாய்களுக்கோ சம்பள பாக்கி. கூட்டத்துக்குத் தலைமை ஆலிவர் கிராம்வெல். வந்திருப்பவர்களில் அதிகாரிகளோடு சாதாரணச் சிப்பாய்களும் உண்டு. ரெஜிமென்டுக்கு இரண்டு பேர் என்று சிப்பாய்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள். தளபதிக்கு எதிரே உட்கார்ந்து சிப்பாய் வாதாடுவது என்பதே அந்நாளில் கேள்விப்படாத சங்கதி.

அவர்கள் கையில் ‘மக்கள் உடன்படிக்கை’ என்ற தலைப்பில் ஒரு சின்ன ஆவணம். இனி நாடாளுமன்றம் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், அது எதில் கை வைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று சில அம்சங்கள். மத நம்பிக்கையிலும் கட்டாய ஆள்பிடிப்பிலும் கை வைக்கவே கூடாது என்று அதில் இருந்தது.

மறுநாள் பக்கத்தில் ஓர் அதிகாரி தங்கியிருந்த வீட்டில் பேச்சு தொடர்ந்தது. யாருக்கு வாக்குரிமை என்ற இடம் வந்ததும் சூடு பிடித்தது. கிராம்வெல்லின் மருமகன் ஹென்றி அயர்ட்டன் சட்டம் படித்தவர், வாதத்தில் கெட்டிக்காரர். இந்த நாட்டில் நிலையாக ஒரு சொத்து உள்ளவனுக்குத்தான் அதன் ஆட்சியில் பங்கு இருக்க முடியும் என்றார் அவர். நிலம் இருக்க வேண்டும், அல்லது வணிகக் கழகம் ஒன்றில் உரிமை இருக்க வேண்டும். இல்லாதவர்களுக்கும் வாக்கு கொடுத்தால், அவர்கள் எண்ணிக்கையில் அதிகம். நாளைக்கே ஒரு சட்டம் போட்டு இருப்பவன் சொத்தைப் பங்கிட்டுக்கொள்ள மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எதிர்த்து நின்றவர் கர்னல் தாமஸ் ரெயின்ஸ்பரோ. ஊரிலேயே பெரிய மனிதனுக்கு எப்படி வாழ ஒரு வாழ்க்கை இருக்கிறதோ, அப்படித்தான் ஊரிலேயே ஏழைக்கும் என்று அவர் ஆரம்பித்தார். ஆகவே ஓர் ஆட்சியின்கீழ் வாழ்கிறவன் முதலில் தன் சொந்தச் சம்மதத்தால் அதன்கீழ் வந்திருக்க வேண்டும். அப்படிக் குரல் கொடுக்க வாய்ப்பே இல்லாத ஆட்சிக்கு அவன் கட்டுப்பட்டவன் அல்ல என்று முடித்தார். சிப்பாய்களின் பிரதிநிதி எட்வர்ட் செக்ஸ்பி இன்னும் நேராகக் கேட்டார்: உயிரைப் பணயம் வைத்துப் போரிட்டோம், இந்த நாட்டில் எங்களுக்கு உரிமை இல்லை என்றால், நாங்கள் வெறும் கூலிப்படைதானா?

இத்தனையும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அங்கே உட்கார்ந்து சுருக்கெழுத்தில் குறிப்பெடுத்த செயலாளர் வில்லியம் கிளார்க். அந்தக் குறிப்புகள் அவர் மகன் வழியாக ஆக்ஸ்ஃபோர்டின் வூஸ்டர் கல்லூரிக்குப் போய், தூசி படிந்து கிடந்து, 1890இல்தான் சார்லஸ் ஃபர்த் என்ற வரலாற்றாசிரியரின் கண்ணில் பட்டன. இனி நாம் பார்க்கப்போகும் தத்துவவாதிகள் ஒருவருக்கும் ரெயின்ஸ்பரோ பேசியது இப்படி வரிக்கு வரி கிடைத்ததில்லை. எனக்கு இது சம்மதக் கொள்கையைப் பற்றிய மிக விசித்திரமான தகவலாகப் படுகிறது. புத்தகத்தில் படித்து வந்த யோசனை அல்ல அது. சம்பளம் வராத சிப்பாய்களிடம், பேச்சுவாக்கில், இனி பார்க்கப்போகும் தத்துவவாதிகளின் புத்தகங்களுக்கு முன்பாகவே அதன் முழு வடிவமும் வந்திருந்தது.

ஆட்சி என்றால் கடவுள் கொடுத்தது என்றுதான் அன்றைக்குப் பொதுவாகச் சொல்வார்கள். மன்னன் ஆள்வதும் குடிகள் பணிவதும் தகப்பன் பிள்ளை உறவு மாதிரி இயல்பானவை. இந்த வாதத்தை எழுத்தில் முழுமையாகக் கொண்டுவந்தவர் கென்ட் மாகாணத்து நிலக்கிழார் சர் ராபர்ட் ஃபில்மர். கடவுள் ஆதாமுக்குக் கொடுத்த தந்தை அதிகாரம் வழிவழியாக இறங்கி மன்னர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்பது அவர் கட்சி. ஆதாமிலிருந்து சார்லஸ் வரை வம்சாவளி வரைந்து காட்டச் சொன்னால் அவரிடம் பதில் கிடையாது. இதை வைத்து அவரைக் கேலி செய்து ஒதுக்குவது சுலபம்; பாடப்புத்தகங்கள் அப்படித்தான் செய்கின்றன.

ஆனால் எதிர்க்கட்சியின் ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் ஃபில்மருக்கு நிகர் அந்த நூற்றாண்டில் ஆள் இல்லை. மக்கள் சம்மதித்தார்கள் என்கிறீர்களே, எல்லாரும் என்றைக்கு, எந்த இடத்தில் கூடினார்கள் என்று கேட்டார். எல்லாரும் ஒரே குரலில் சொல்லவில்லை என்றால், பெரும்பான்மை சொன்னதற்குச் சிறுபான்மை கட்டுப்பட வேண்டும் என்று யார் முடிவு செய்தது? அந்த முடிவுக்கும் எல்லாரும் சம்மதித்திருக்க வேண்டுமே? பெண்களையும் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் கேட்டீர்களா? போகட்டும், மக்கள் என்பது யார்? நிமிடத்துக்கு நிமிடம் ஒருவர் பிறக்கிறார், ஒருவர் சாகிறார். இந்த நிமிடத்து மக்கள் அடுத்த நிமிடத்து மக்கள் அல்ல. தாத்தா கொடுத்த சம்மதம் பேரனை எப்படிக் கட்டும்?

இந்தக் கேள்விகளுக்கு இன்றுவரை ஒழுங்கான பதில் கிடையாது என்றே சொல்வேன்.

நிஜமாகவே கூடிக் கையெழுத்துப் போட்ட சந்தர்ப்பங்களும் ஒன்றிரண்டு உண்டு. 1620 நவம்பரில் ‘மேஃப்ளவர்’ கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்து கேப் காட் கரையில் நங்கூரம் போட்டது. அவர்களுக்கு அனுமதி கிடைத்திருந்தது வர்ஜீனியா எல்லைக்குள் குடியேற. வந்து சேர்ந்ததோ அதற்கு வெகு வடக்கே. அனுமதிச் சீட்டு இங்கே செல்லாது, ஆகவே இனி எங்களுக்கு யாரும் உத்தரவு போட முடியாது என்று சிலர் கப்பலிலேயே முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவசர அவசரமாக ஒரு சின்ன உடன்படிக்கை எழுதப்பட்டது. நாம் ஒரே குடிமைச் சமூகமாகச் சேர்கிறோம், நாம் இயற்றும் சட்டங்களுக்குக் கட்டுப்படுவோம் என்பது அதன் சாரம். ஏறத்தாழ நூறு பயணிகளில் 41 ஆண்கள் கையெழுத்திட்டார்கள். அதில் சிலர் எஜமானோடு வந்த ஒப்பந்த வேலையாட்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். பெண்கள் ஒருவர்கூட இல்லை. கரையில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த பூர்வகுடிகளை யாரும் கேட்கவில்லை. ஃபில்மர் கப்பலில் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

தாமஸ் ஹாப்ஸ் வேறு பாதையில் வந்தார். உள்நாட்டுக் குழப்பம் முற்றுவதற்கு முன்பே, 1640இல், பாரிஸுக்கு ஓடியவர். அங்கே நாடு இழந்த இளவரசருக்கு, பிற்காலத்து இரண்டாம் சார்லஸுக்கு, கணிதம் சொல்லிக்கொடுத்தார். அவர் எழுதிய ‘லெவியதான்’ 1651இல் வெளியானது. புத்தகத்தைப் படிக்காதவர்கள்கூட அதன் முகப்புப் படத்தைப் பார்த்திருப்பார்கள். மலைகளுக்குப் பின்னாலிருந்து எழும் பிரம்மாண்டமான மன்னன். ஒரு கையில் வாள், ஒரு கையில் மதகுருவின் செங்கோல். நெருங்கிப் பார்த்தால் அவன் உடம்பும் கைகளும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன மனிதர்களால் ஆனவை. அத்தனை பேரும் நமக்கு முதுகைக் காட்டி, அண்ணாந்து மன்னன் முகத்தைப் பார்த்து நிற்கிறார்கள். கீழே கிடக்கும் நகரத்தில் ஆள் நடமாட்டமே இல்லை. சில சிப்பாய்கள், தேவாலயத்துக்குப் பக்கத்தில் கொள்ளைநோய் மருத்துவர்கள் அணியும் அலகு முகமூடியோடு எறும்பளவில் இரண்டு உருவங்கள். மற்றவர் எல்லாரும் மன்னனின் உடம்புக்குள் போய்விட்டார்கள்.

ஹாப்ஸுக்கு மன்னன் வேண்டும், ஆனால் கடவுள் அனுப்பிவைத்த மன்னன் வேண்டாம். அரசு இல்லாவிட்டால் ஒருவருக்கொருவர் பயந்து சாவோம். அந்தப் பயத்தால் எல்லாரும் தங்கள் உரிமையை ஒருவனிடம் ஒப்படைக்கிறோம் என்பது அவர் கணக்கு. பயத்தில் கொடுத்தது சம்மதமாகுமா? ஆகும் என்கிறார் ஹாப்ஸ், கண்ணைக்கூட இமைக்காமல். வழிப்பறிக்காரனிடம் உயிருக்காகப் பணம் தருவதாகச் சொன்னால், சட்டம் குறுக்கே வராதவரை அந்த வாக்கும் வாக்குத்தான். போரில் தோற்றவன் வென்றவனுக்குப் பணிந்தாலும் அது சம்மதமே.

இது அறையில் உட்கார்ந்து செய்த கற்பனை அல்ல. 1649 ஜனவரி 30இல் மன்னர் சார்லஸின் தலை துண்டிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் புதிய குடியரசு ஒரு சட்டம் போட்டது: மன்னரும் பிரபுக்கள் சபையும் இல்லாத இந்த ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பேன் என்று 18 வயது நிறைந்த ஆண்கள் அனைவரும் உறுதி அளிக்க வேண்டும். மறுத்தால் நீதிமன்றத்தில் வழக்குப் போடும் உரிமை போய்விடும். ஆக, ஒரு தேசத்தின் ஆண்கள் எல்லாரிடமும் சம்மதம் கேட்கப்பட்டது நிஜம்தான். இல்லை என்று சொல்லும் வசதியோடு கேட்கப்படவில்லை. நேற்று மன்னருக்குச் சத்தியம் செய்த மனிதன் இன்று இதில் கையெழுத்திடலாமா என்று மனசாட்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஹாப்ஸின் பதில் தயாராக இருந்தது: உன்னைக் காப்பவன் எவனோ அவனுக்கே நீ கட்டுப்பட்டவன். அரச கட்சியும் அவரைத் துரோகி என்றது, குடியரசுக் கட்சியும் அவரை நம்பவில்லை.

மன்னராட்சி திரும்பி வந்தது. 1683இல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ஆபத்தான கருத்துகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அவற்றைச் சொன்ன புத்தகங்களைத் தன் வளாகத்திலேயே எரித்தது. பட்டியலில் முதலாவது, அதிகாரம் எல்லாம் ஆதியில் மக்களிடமிருந்தே வருகிறது என்பது. எரிந்தவற்றில் ‘லெவியதான்’ ஒன்று. அதே ஆண்டு டிசம்பரில் ஆல்ஜெர்னன் சிட்னி என்ற பிரபு குடும்பத்து அரசியல்வாதியைத் தூக்குமேடைக்குப் பதில் வெட்டுமேடைக்கு அனுப்பினார்கள். ராஜத்துரோக வழக்குக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், கிடைத்தது ஒருவர். இரண்டாவது சாட்சியாக அவர் மேஜையில் கிடந்த கையெழுத்துப் பிரதியை வைத்தார்கள். ஃபில்மருக்கு மறுப்பாக அவர் எழுதிக்கொண்டிருந்த, அச்சேறாத பிரதி. எழுதுவதும் செயல்தான் என்று நீதிபதி ஜெஃப்ரீஸ் தீர்ப்பளித்தார்.

அதே ஃபில்மருக்கு மறுப்பு எழுதி மேஜைக்குள் வைத்திருந்த இன்னொருவர் ஜான் லாக். ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவுக்கு வைத்தியராகவும் ஆலோசகராகவும் இருந்தவர்; பிரபுவின் ஈரல் கட்டியை அறுத்து, குழாய் வைத்து வடிய விட்டு உயிரைக் காப்பாற்றியது 1668இல் லாக்கின் மேற்பார்வையில்தான். பிரபு அரசியலில் வீழ்ந்ததும் லாக் 1683இல் ஹாலந்துக்கு ஓடி, அங்கே வேறு பெயரில் ஒளிந்திருந்தார். 1688இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓட, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் புதிய அரசி மேரி வந்த அதே கப்பலில் ஊர் திரும்பினார். ‘ஆட்சி பற்றிய இரு ஆய்வுரைகள்’ 1689 இறுதியில் அச்சாகி வந்தது, ஆசிரியர் பெயர் இல்லாமல். சிட்னிக்கு நேர்ந்ததை அறிந்தவர் அல்லவா? அது தன் நூல்தான் என்று லாக் எழுத்தில் ஒப்புக்கொண்டது 1704இல், சாவதற்குச் சற்று முன், உயிலின் பிற்சேர்க்கையில்.

மனிதர்கள் இயல்பில் சுதந்திரமானவர்கள், சமமானவர்கள். யாரும் தன் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்ல என்பது லாக்கின் அடித்தளம். ஹாப்ஸிடமிருந்து அவர் பிரியும் இடம் முக்கியமானது. கொடுத்த அதிகாரம் அறக்கட்டளைச் சொத்து மாதிரி. அதை நம்பிக்கைத் துரோகமாகப் பயன்படுத்தினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வழிப்பறிக்காரனுக்குக் கொடுத்த வாக்கு லாக்கிடம் செல்லாது.

ஆனால் ஃபில்மரின் கேள்வி வாசலிலேயே நிற்கிறது: எப்போது சம்மதித்தேன்? இங்கே லாக் ஒரு வேலை செய்தார். வாய் திறந்து சொல்லும் சம்மதம் ஒன்று, சொல்லாமல் கொடுக்கும் சம்மதம் ஒன்று. ஒரு நாட்டில் நிலம் வைத்திருந்தால் நீங்கள் அந்த அரசுக்குச் சம்மதித்ததாகக் கணக்கு. ஒரு வாரம் அறை எடுத்துத் தங்கினாலும் கணக்குத்தான். அதன் நெடுஞ்சாலையில் நடந்தாலே போதும். நூல் முழுவதிலும் மிகப் பலவீனமான இடம் இதுதான். எதைச் செய்தாலும் சம்மதம் என்றால், சம்மதிக்காமல் இருப்பது எப்படி? அவர் கணக்கிலேயே சாலையில் நடப்பவன் முழு உறுப்பினன் ஆகிவிட மாட்டான். வெளிப்படையாக வாக்குக் கொடுத்தவன்தான் ஆவான். நம் நாட்டை எடுத்துக்கொண்டால், வெளிநாட்டிலிருந்து வந்து விண்ணப்பித்துக் குடியுரிமை பெறுபவர் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டுச் சட்டம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பெரும்பாலோர், ஏதாவது பதவி ஏற்றால் ஒழிய, அப்படி ஒன்றை வாழ்நாளில் எடுப்பதில்லை. லாக்கின் அளவுகோலில் அந்தப் புதியவரே நம்மைவிட உறுதியான குடிமகன்!

லாக்கின் கறையையும் சொல்லிவிட வேண்டும். கரோலினா குடியேற்றத்துக்கு 1669இல் அடிப்படைச் சட்டங்கள் எழுதப்பட்டபோது அதன் உரிமையாளர்களுக்குச் செயலாளராக இருந்தவர் அவர். கறுப்பின அடிமைகள்மீது எஜமானுக்கு முழு அதிகாரம் உண்டு என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. அடிமை வணிகம் செய்த ராயல் ஆஃப்ரிக்கன் கம்பெனியில் அவருக்குப் பங்கும் இருந்தது.

லாக்கின் கட்சிக்காரர்களைத் தர்மசங்கடத்தில் தள்ளியவர்களில் மேரி ஆஸ்டல் எனக்குப் பிடித்தவர். நியூகாசில் நிலக்கரி வணிகரின் மகள், லண்டனில் தனியாக வாழ்ந்து எழுதியவர். மன்னருக்கு எதிராகக் கிளர்வதை ஆதரித்தவர் அல்ல, அரச பக்தர். திருமணம் பற்றிய தன் நூலின் 1706ஆம் ஆண்டுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், எல்லா ஆண்களும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்றால் எல்லாப் பெண்களும் அடிமையாகப் பிறப்பது எப்படி என்று கேட்டார். நாட்டில் கொடுங்கோன்மை கூடாது என்று முழங்குகிறவர்கள் வீட்டில் மட்டும் அதை எப்படி வைத்துக்கொள்கிறார்கள்? ஃபில்மர் அணியிலிருந்து வந்த அம்பு அது. ஆனால் தைத்த இடத்தில் வேறு மாதிரி முளைத்தது.

1748இல் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூம் மொத்தக் கதையையும் பிரித்துப் போட்டார். உலகில் ஏறத்தாழ எந்த அரசும் சம்மதத்தால் எழவில்லை. படையெடுப்பாலும் அபகரிப்பாலுமே எழுந்தன. நீங்கள் கொண்டாடும் 1688 புரட்சியிலேயே, ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்காக முடிவெடுத்தது எழுநூறு பேரின் பெரும்பான்மைதான் என்றார். லாக்கின் மௌன சம்மதத்துக்கு அவர் சொன்ன எதிர்வாதம் பிரசித்தம். பிறமொழி தெரியாது, பிற ஊர் வழக்கம் தெரியாது, அன்றாடக் கூலியில் வயிறு வளர்க்கிறான் ஓர் ஏழைக் குடியானவன். பிடிக்காவிட்டால் நாட்டைவிட்டுப் போ, போகவில்லை என்றால் நீ சம்மதித்ததாக அர்த்தம் என்று அவனிடம் சொல்வது நியாயமா? தூங்கிக்கொண்டிருந்தவனைக் கப்பலில் ஏற்றி நடுக்கடலுக்குக் கொண்டுவந்துவிட்டு, இங்கேயே இருப்பதால் நீ கப்பல் தலைவனின் ஆணைக்குச் சம்மதித்தவன், விருப்பமில்லையென்றால் கடலில் குதி என்பதுபோல் அல்லவா இது?

வரலாறாகப் பார்த்தால் ஹ்யூம் சொன்னதே சரி. ஒப்பந்தம் போட்ட நாள் என்று ஒன்று கிடையாது. ஆனால் நடந்ததைச் சொல்வது அந்தக் கொள்கையின் பாதி வேலைதான். மறு பாதி, என்னைக் கேட்டாயா என்று யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று கேட்க அது இடம் கொடுத்தது. ஆதாமின் வாரிசுரிமையை வைத்து ஒரு சிப்பாய் தளபதியை மடக்க முடியாது. சம்மதத்தை வைத்து முடியும். அதை எழுதியவர்கள் யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்பதுகூட அப்போது முக்கியமில்லாமல் போய்விடுகிறது.

அமெரிக்கக் குடியேற்றங்கள் 1776இல் தங்கள் சுதந்திரப் பிரகடனத்தில் ஆளப்படுவோரின் சம்மதத்தை ஆட்சியின் நியாயமாக எழுதி வைத்ததை எல்லாரும் அறிவோம். ஆறு மாதம் கழித்து, 1777 ஜனவரியில், மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு ஒரு மனு போனது. கையெழுத்திட்டவர்கள் பிரின்ஸ் ஹால் என்பவரும் வேறு சில கறுப்பின மக்களும். எல்லா மனிதரையும்போல எங்களுக்கும் சுதந்திரம் இயற்கை உரிமை. அதை எந்த உடன்படிக்கையிலும் எந்த ஒப்பந்தத்திலும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். கரோலினாச் சட்டத்துக்குப் பேனா பிடித்த லாக்கின் தர்க்கம், கரோலினா அடிமைகளின் நிலையில் இருந்தவர்களின் கைக்கு வந்துவிட்டது. சட்டமன்றம் மழுப்பியது, சட்டம் எதுவும் வரவில்லை.

அதே மாசசூசெட்ஸில் 1778இல் இன்னொன்று நடந்தது. புதிய அரசமைப்பு ஒன்றை எழுதி, ஊர் ஊராக மக்கள் கூட்டங்களுக்கு அனுப்பி, சம்மதமா என்று கேட்டார்கள். ஏறக்குறைய ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் மக்கள் நிராகரித்தார்கள். நிலம் வாங்கியதையும் சாலையில் நடந்ததையும் வைத்து ஊகிக்க வேண்டியிருந்த சம்மதம் நேருக்கு நேர் கேட்கப்பட்டது. முடியாது என்ற பதிலும் வந்தது, வந்த பதில் செல்லுபடியும் ஆனது. இரண்டு ஆண்டு கழித்து வேறொரு வரைவு வந்தது. அதன்மீது வாக்களிக்கச் சொத்து வேண்டியதில்லை, 21 வயதான சுதந்திர ஆண்கள் எல்லாரும் வாக்களிக்கலாம் என்று அறிவித்தார்கள். 1780இல் அது நிறைவேறியது. நிறைவேறிய அரசமைப்புக்குள்ளேயே, இனிமேல் வாக்களிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 3 பவுண்டு வருமானம் தரும் நிலமோ 60 பவுண்டு பெறுமான சொத்தோ இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. சொத்தில்லாதவனையும் கேட்டார்கள். இனி உன்னைக் கேட்க மாட்டோம், சம்மதமா என்று.

எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்பது அந்த அரசமைப்பின் உரிமைப் பட்டியலில் முதல் விதி. க்வாக் வாக்கர் என்ற அடிமைத் தொழிலாளியின் வழக்கில், 1783இல், தலைமை நீதிபதி வில்லியம் குஷிங் அந்த விதியைக் காட்டி, அடிமைமுறை இங்கே சட்டப்படி நிற்காது என்று ஜூரிக்கு எடுத்துரைத்தார். 1790இல் அமெரிக்காவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது, மாசசூசெட்ஸில் அடிமை என்ற தலைப்பின்கீழ் ஒருவர்கூடப் பதிவாகவில்லை.